புதிய பங்களிப்பாளரின் செய்முறைத் திறனைச் சோதிப்பது எப்படி? கட்டற்ற மென்பொருள் திட்டங்களை நடத்துவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னையில் கட்டற்ற மென்பொருள் திட்டம் ஒன்றைப் பராமரிப்பவரிடம் பங்களிக்க விரும்பி வருவோரில் பெரும்பாலோர் பொறியியல் கல்லூரி மாணவர்களாகவோ, ஓஎம்ஆர் சாலை மென்பொருள் நிறுவனங்களில் முதல் வேலையில் இருப்பவர்களாகவோ இருப்பார்கள். அவர்களுக்கு நிரல் எழுதத் தெரியும். பிறர் எழுதிய நிரலைத் தம் கணினியில் ஓட வைத்து, அதில் ஒரு சிறு மாற்றம் செய்து, அந்த மாற்றத்தைப் பிறர் ஏற்கும்படி விளக்கத் தெரியுமா என்பது வேறு கேள்வி. இந்த வழிகாட்டி அந்த இரண்டாவது கேள்விக்கு விடை காணும் சோதனையைப் பற்றியது.

நான் பரிந்துரைக்கும் சோதனை, ஒரு பங்களிப்பாளரின் முதல் திருத்தம் உண்மையில் செல்லும் பாதையின் சிறிய வடிவமாகும். ஒவ்வொரு படியின் விளைபொருளும் அடுத்த படியின் தொடக்கமாக அமைவதால், வரிசையை மாற்றக் கூடாது.

1. எதை அளக்கிறோம் என்பதை முதலில் எழுதி வைத்தல்

சோதனைக்கு ஆள் சேர்ப்பதற்கு முன், அளக்கவிருக்கும் திறன்களை ஒரு பக்கத்துக்குள் எழுதி வையுங்கள். என் பட்டியலில் ஐந்து உள்ளன: திட்டத்தை நிறுவி ஓட வைத்தல், வழுவை (நிரல் பிழையை) மீண்டும் நிகழ்த்திக் காட்டி அறிக்கை எழுதுதல், தேவையான அளவுக்கு மட்டும் திருத்துதல், மறுஆய்வுக்கு (திருத்தத்தைப் படித்துப் பிறர் சொல்லும் கருத்துகளுக்கு) பதிலளித்தல், பிறர் மாற்றத்தோடு மோதும்போது சரிசெய்தல். எழுதி வைக்காமல் தொடங்கினால், வேகமாகத் தட்டச்சு செய்பவரும் ஆங்கிலத்தில் சரளமாகப் பேசுபவரும் நம்மை அறியாமலே முன்னால் வந்துவிடுவார்கள்.

கேள்வித்தாள் வைப்பதைத் தவிர்த்துவிடுங்கள். இரு கிளைகளின் மாற்றங்களை இணைக்கும் வழிகளான ரீபேஸுக்கும் மெர்ஜுக்கும் உள்ள வேறுபாட்டை மூன்று வரிகளில் எழுதிவிடும் மாணவர், முதல் மோதல் வந்தவுடன் கோப்புறையையே அழித்துவிட்டு மறுபடி குளோன் செய்வதை (முழு நகல் எடுப்பதை) பலமுறை பார்த்திருக்கிறேன். அதேபோல் நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஒருவரின் பக்கத்தில் எத்தனை புல் ரெக்வஸ்டுகள் (மாற்றத்தை ஏற்கக் கோரும் வேண்டுகோள்கள்) உள்ளன என்று எண்ணுவதும் பயன் தராது. 2020 அக்டோபரில், கட்டற்ற திட்டங்களுக்குப் பங்களிக்க ஊக்குவிக்கும் ஹாக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வின்போது, எண்ணிக்கைக்காக அனுப்பப்பட்ட வெற்று ரீட்மீ (அறிமுகக் கோப்பு) திருத்தங்கள் பராமரிப்பாளர்களை அலைக்கழித்ததால், தாமாக முன்வந்து இணையும் திட்டங்களுக்கு அனுப்பியவை மட்டுமே கணக்கில் வரும் என்று நிகழ்வின் நடுவிலேயே விதியை மாற்ற வேண்டியிருந்தது. கட்டற்ற மென்பொருளில் உதவித்தொகையுடன் பயிற்சி தரும் அவுட்ரீச்சி திட்டமோ, விண்ணப்பதாரர்கள் தேர்வுக்கு முன்பே பங்களிப்புக் காலத்தில் மெய்யான திட்டமொன்றில் வேலை செய்து காட்ட வேண்டும் என்று கேட்கிறது. நாம் செய்யப்போவதும் அவ்வழிப்பட்டதே.

2. முன்தேவைகள்

தேதி: அண்ணா பல்கலைக்கழகத்தின் செமஸ்டர் தேர்வுகள் நடக்கும் நவம்பர், டிசம்பர், ஏப்ரல், மே மாதங்களை விட்டுவிடுங்கள். வடகிழக்குப் பருவமழையும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை நீடிப்பதால், மழைநாளில் வேளச்சேரியிலிருந்தோ முடிச்சூரிலிருந்தோ ஒருவர் வர இயலாமல் போவதைத் திறனின்மையாகக் கணக்கிடும் நிலை உருவாகும். பிப்ரவரி, ஜூலை, ஆகஸ்ட் ஆகிய மாதங்களின் சனிக்கிழமைகள் ஓரளவு பாதுகாப்பானவை.

கணினி: 4 ஜிபி ரேம் கொண்ட பழைய மடிக்கணினியில் சோதனை முழுவதையும் ஒருமுறை நீங்களே செய்து பாருங்கள். அரசு வழங்கிய மடிக்கணினியை மட்டுமே வைத்திருப்பவர்களும் வருவார்கள். டாக்கர் (மென்பொருளைத் தனிச்சூழலில் ஓட்டும் கருவி) இருந்தால்தான் ஓடும் என்ற நிபந்தனையை வைத்தால், நீங்கள் அளப்பது அவர்கள் கணினியின் விலையைத்தான்.

இணையம்: முப்பது பேர் ஒரே நேரத்தில், திட்டம் ஓடத் தேவையான சார்புப் பொதிகளைப் பதிவிறக்கினால் எந்தக் கல்லூரி வைஃபையும் திணறும். தேவையான பொதிகளை ஒரு பென்டிரைவிலும், அறைக்குள் இயங்கும் ஒரு மடிக்கணினியிலும் முன்கூட்டியே நகலெடுத்து வையுங்கள். கல்லூரி வலைப்பின்னல்களில், எஸ்எஸ்ஹெச் என்ற பாதுகாப்பான இணைப்பு பயன்படுத்தும் 22-ஆம் போர்ட் அடைபட்டிருப்பதுண்டு. கிட்ஹப் 443-ஆம் போர்ட் வழியாகவும் எஸ்எஸ்ஹெச் இணைப்பை ஏற்கிறது என்பதால், அதற்கான அமைப்பு வரிகளைத் தாளில் அச்சிட்டுக் கொடுத்துவிடலாம்.

கணக்கு: கிட்ஹப் கணக்கும், அதற்கான எஸ்எஸ்ஹெச் சாவியோ டோக்கனோ சோதனைக்கு முந்தைய நாளே தயாராக இருக்க வேண்டும் என்று அறிவித்துவிடுங்கள். முனையத்திலிருந்து (கட்டளை தட்டச்சிடும் திரையிலிருந்து) கடவுச்சொல்லைக் கொடுத்து புஷ் செய்யும் (மாற்றத்தைக் கிட்ஹப்புக்கு அனுப்பும்) வசதி 2021 ஆகஸ்ட் மாதத்தோடு நின்றுவிட்டது. ஆயினும் பழைய யூடியூப் காணொளிகளைப் பார்த்து வருவோர் கடவுச்சொல்லையே திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருப்பார்கள். நாம் அளக்க விரும்பாத ஒன்றில் அவர்களின் முதல் ஒரு மணி நேரம் கரைந்துபோகும்.

ஆட்கள்: ஆறு அல்லது ஏழு பேருக்கு ஒரு மறுஆய்வாளர் வேண்டும். மறுஆய்வாளர்கள் இதைவிடக் குறைந்தால் ஏழாம் படி நடக்கவே நடக்காது, அதுவே சோதனையின் உயிர்.

3. சோதனைக்கான ரெப்போவை (நிரல் களஞ்சியத்தை) தயாரித்தல்

உங்கள் மெய்யான திட்டத்தைச் சோதனைக் களமாக்காதீர்கள். ஒரே வழுவை முப்பது பேர் திருத்தி அனுப்பினால், அதை ஒதுக்கித் தள்ளும் வேலையே உங்களுக்கு ஒரு மாதம் இருக்கும். சம்பளமில்லாமல் வேலை வாங்குகிறார்கள் என்ற நியாயமான வருத்தமும் வந்தவர்களுக்கு ஏற்படும். இதற்கென்று தனியாக, சில நூறு வரிகளுக்குள் அடங்கும் சிறிய திட்டம் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு உண்மையான கமிட் (பதிவு செய்யப்பட்ட மாற்றம்) வரலாறும், நிரல் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் சில டெஸ்டுகளும், ஒரு பங்களிப்பு வழிகாட்டியும் இருக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, தமிழ் உரையில் சொற்களை எண்ணும் பைதான் கருவி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது சொல்லெழுத்துகளைக் குறிக்கும் வழக்கமான ரெகெக்ஸ் (எழுத்து வடிவத் தேடல்) குறியீட்டைக் கொண்டு எண்ணுகிறது. பைதானின் உள்ளமைந்த ரெகெக்ஸ் தொகுதி, உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் சொல்லெழுத்தாகக் கொள்வதில்லை. ஆகையால் ‘தமிழ் மொழி’ என்று கொடுத்தால், ‘தம’, ‘ழ’, ‘ம’, ‘ழ’ என நான்கு துண்டுகளாக வெட்டி, இரண்டுக்குப் பதில் நான்கு என்று விடை சொல்லும். தமிழ் தெரிந்த எவருக்கும் பிழை உடனே கண்ணில் படும், காரணத்தைக் கண்டுபிடிக்கத்தான் தேட வேண்டும். சோதனைக்கு ஏற்ற வழுவின் இலக்கணம் இதுவே.

இந்த ரெப்போவில் வேண்டுமென்றே ஒரே ஒரு குறையை விட்டுவையுங்கள். லினக்ஸ் வகைகளான டெபியனிலும் உபுண்டுவிலும் மெய்நிகர் சூழலை (திட்டத்துக்கென்று தனியாகப் பொதிகளை வைக்கும் இடத்தை) உருவாக்குவதற்கான பொதியைத் தனியாக நிறுவ வேண்டும் என்ற குறிப்பை ரீட்மீயிலிருந்து நீக்கிவிடுங்கள். ‘ஆவணத்திலும் குறை இருக்கலாம், கண்டால் தெரிவிப்பதும் பங்களிப்புதான்’ என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் வைத்தால் அது பொறியாகிவிடும்.

4. முதல் பணி: நிறுவி ஓட வைத்தல்

ரெப்போவை ஃபோர்க் செய்து (தம் கணக்குக்கு நகலெடுத்து), குளோன் எடுத்து, டெஸ்டுகளை ஓட்டி, அதன் வெளியீட்டை உரையாகச் சமர்ப்பிக்கச் சொல்லுங்கள். இதற்கு ஒரு மணி நேரம் போதும். மாற்றம் எதையும் செய்வதற்கு முன் டெஸ்டுகள் என்ன சொல்கின்றன என்பது பதிவாகாவிட்டால், பின்னால் உடைந்தது யாரால் என்று தெரியாது.

டெபியன் 12-இலும் அண்மைய உபுண்டுவிலும், பைதான் பொதிகளை நிறுவும் கருவியான பிப் கொண்டு நேரடியாகக் கணினி முழுமைக்கும் பொதிகளை நிறுவ முயன்றால், இது வெளியிலிருந்து நிர்வகிக்கப்படும் சூழல் என்று சொல்லி மறுத்துவிடும். அந்தச் செய்தியைப் பொறுமையாகப் படிப்பவர் மெய்நிகர் சூழலை உருவாக்குவார். படிக்காதவர் கட்டளைக்கு முன்னால் சூடோ (நிர்வாகி அதிகாரம்) சேர்ப்பார், அதுவும் மறுக்கப்படுவதால் இணையத்தில் தேடி, அமைப்பை உடைத்தாலும் பரவாயில்லை என்று பொருள்படும் விருப்பத்தை ஒட்டிவிடுவார். இருவருக்கும் டெஸ்ட் ஓடும். ஆனால் பிழைச்செய்தியைப் படிக்கும் பழக்கம் உள்ளவர் யார் என்பது இங்கேயே தெரிந்துவிடுவதால், மேசைகளுக்கு இடையே நடந்து பார்ப்பது பயனுள்ளது.

மெதுவான இணையத்தில் சிலர் கடைசிக் கமிட்டை மட்டும் மேலோட்டமாகக் குளோன் செய்வார்கள். இது புத்திசாலித்தனமான செயலே. ஆனால் அடுத்த படியில் வரலாற்றைப் பார்க்க வேண்டியிருக்கும்போது அவர்கள் தடுமாறுவார்கள், மீதி வரலாற்றையும் ஃபெட்ச் செய்துகொள்ளச் சொல்லுங்கள்.

5. இரண்டாம் பணி: வழுவை மீண்டும் நிகழ்த்தி அறிக்கை எழுதுதல்

‘எண்ணிக்கை தவறாக வருகிறது’ என்ற ஒற்றை வரியை மட்டும் கொடுத்து, அதை முழுமையான வழு அறிக்கையாக மாற்றச் சொல்லுங்கள். என்ன உள்ளீடு, எதிர்பார்த்தது என்ன, வந்தது என்ன, எந்தப் பதிப்பு, எந்த இயங்குதளம் ஆகிய ஐந்தும் அதில் இருக்க வேண்டும். எந்தக் கமிட்டில் இந்த வரி நுழைந்தது என்று கண்டுபிடித்துச் சேர்ப்பவருக்குக் கூடுதல் மதிப்பெண் தரலாம்.

திருத்தத்துக்கு முன் அறிக்கையை வைப்பதற்குக் காரணம் உண்டு. வழுவை விவரிக்க முடியாதவர் எழுதும் திருத்தம், பெரும்பாலும் அவர் பார்த்த ஓர் உள்ளீட்டுக்கு மட்டுமே பொருந்தும்.

வருகிற அறிக்கைகளில் பாதி, கைப்பேசியில் எடுத்த முனையத் திரையின் புகைப்படமாக இருக்கும். இன்னும் சில ‘அண்ணா, ரன் ஆகல’ என்ற குறுஞ்செய்தியோடு முடிந்துவிடும். புகைப்படத்தில் உள்ள பிழைச்செய்தியைத் தேடவோ நகலெடுக்கவோ முடியாது என்பதை ஒருமுறை விளக்கிவிட்டு, மறுபடி எழுதச் சொல்லுங்கள். முதல் அறிக்கைக்கும் இரண்டாவது அறிக்கைக்கும் இடையே உள்ள முன்னேற்றத்துக்கே மதிப்பெண் கொடுங்கள்.

அறிக்கையைத் தமிழில் எழுத அனுமதிப்பது நல்லது. மாநகராட்சிப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து வந்த மாணவி, வழுவின் காரணத்தைத் தமிழில் துல்லியமாகவும், அதையே ஆங்கிலத்தில் மழுப்பலாகவும் எழுதக் கூடும். நாம் சோதிப்பது அவருடைய ஆங்கிலத்தை அன்று. கமிட் செய்தி ஆங்கிலத்தில் வேண்டும் என்று திட்டம் கேட்டால், அந்த இரண்டு வரிகளுக்கு உதவி செய்யலாம்.

6. மூன்றாம் பணி: திருத்தமும் கமிட்டும்

தனிக் கிளை (முதன்மை நிரலிலிருந்து பிரிந்த வேலைப்பகுதி) ஒன்றை உருவாக்கி, முதலில் தோல்வியடையும் ஒரு டெஸ்டை எழுதி, பிறகு நிரலைத் திருத்தி, அந்த டெஸ்ட் வெற்றி பெறுவதைக் காட்டச் சொல்லுங்கள். டெஸ்ட் முதலில் தோற்க வேண்டும் என்பதை வலியுறுத்துங்கள். பின்னால் எழுதப்படும் டெஸ்ட், திருத்தம் இல்லாவிட்டாலும் வெற்றி பெறும் ஒன்றாக இருந்துவிடுவது வழக்கம்.

பலர் சோதிக்கத் தேர்ந்தெடுக்கும் சொற்கள் அவர்களை ஏமாற்றும். உலக எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோட் பட்டியலில் ஈகாரக் குறியும் புள்ளியும் இடம் கொள்ளாக் குறிகள் என்ற வகையிலும், இகரக் குறி இடம் கொள்ளும் குறி என்ற மற்றொரு வகையிலும் உள்ளன. முதல் வகையை மட்டும் கணக்கில் எடுத்துத் திருத்தியவருக்கு ‘நீர்’ ஒரே சொல்லாக வரும், ‘நிலம்’ இரண்டாக உடையும். ஆகவே மறுஆய்வாளர் கையில் இந்த இரண்டு சொற்களும் தயாராக இருக்கட்டும்.

அடுத்து, மாற்றத்தின் அளவைப் பாருங்கள். மூன்று வரி திருத்த வேண்டிய இடத்தில் முந்நூறு வரி மாறியதாகத் தெரிந்தால், காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். விண்டோஸில் திறந்து சேமித்ததால் எல்லா வரிகளின் இறுதிக்குறியும் மாறியிருக்கும், அல்லது விஎஸ் கோடில் சேமிக்கும்போதே நிரலை ஒழுங்குபடுத்தும் அமைப்பு இயங்கியிருக்கும். இது கவனக்குறைவு என்பதைவிட, அனுப்புவதற்கு முன் டிஃபை (மாறிய வரிகளின் பட்டியலை) படிக்காததன் அடையாளம். டிஃபைப் படித்துக் காட்டச் சொன்னால் போதும், பெரும்பாலோர் தாமே கண்டுபிடித்துவிடுவார்கள்.

கல்லூரி ஆய்வகக் கணினியில் வேலை செய்பவர்களின் கமிட்டுகள், அதற்கு முன் அங்கே அமர்ந்திருந்தவரின் பெயரில் பதிவாகலாம். முதல் கமிட்டுக்கு முன், மாற்றங்களைப் பதிவு செய்யும் கருவியான கிட்டில் பெயரையும் மின்னஞ்சலையும் சரிபார்க்கச் சொல்லிவிடுங்கள். கமிட் செய்தியின் முதல் வரி ஏறத்தாழ 50 எழுத்துக்குள், அதன்பின் ஒரு வெற்று வரி, பிறகு ஏன் இந்த மாற்றம் என்ற விளக்கம் என்ற மரபைச் சொல்லிக் கொடுத்தால் போதும், இதற்கு அதிக மதிப்பெண் தேவையில்லை.

சாட்பாட்களின் உதவியைத் தடை செய்வதில் பொருளில்லை, வீட்டில் எப்படியும் பயன்படுத்துவார்கள். அனுமதித்துவிட்டு, திருத்தத்தில் ஏதேனும் ஒரு வரியைச் சுட்டி, ‘இதை எடுத்துவிட்டால் எந்த டெஸ்ட் தோற்கும்?’ என்று கேளுங்கள். தாம் அனுப்பும் திருத்தத்தைப் புரிந்துகொண்டவர் தயங்காமல் சொல்வார், அல்லது உடனே எடுத்துப் பார்த்துச் சொல்வார். இரண்டும் சரியான விடைகளே.

7. நான்காம் பணி: மறுஆய்வுக்குப் பதிலளித்தல்

இந்தப் படியை அதே நாளில் முடிக்க முயலாதீர்கள். முதல் மூன்று பணிகளை நேரில் நடத்திவிட்டு, மறுஆய்வை அடுத்த ஒரு வாரத்துக்கு இணையத்தின் வழியாக நடத்துங்கள். மெய்யான திட்டங்களில் பதில் சில மணி நேரம் கழித்தோ சில நாள் கழித்தோதான் வரும், அந்த இடைவெளியில் ஒருவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதை ஓர் அறைக்குள் காண இயலாது.

முதன்முறையாகப் பங்களிப்பவர் அனுப்பும் புல் ரெக்வஸ்டில், தானியங்கிச் சோதனைகள் பராமரிப்பாளரின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கும்படி கிட்ஹப் அமைத்திருக்கிறது. நீங்கள் ஒப்புதல் பொத்தானை அழுத்த மறந்தால், புதியவர் தம் தவறு என்று நினைத்துக்கொண்டு அதையே மூடிவிட்டு இன்னொன்று திறப்பார். சோதனை நடத்துபவர்கள் செய்யும் பிழைகளில் இதுவே அதிகம்.

ஒவ்வொருவருக்கும் மூன்று கருத்துகள் எழுதுங்கள். முதலாவது நடத்தையைப் பற்றியது. வெற்றிடத்தைக் கொண்டு உரையைப் பிரித்தவரிடம், ‘தமிழ் – மொழி’ என்று நடுவில் கோடு வந்தால் எத்தனை சொல் என்று கேளுங்கள், அவருடைய நிரல் மூன்று என்று சொல்லும். யூனிகோடில் தமிழுக்கென ஒதுக்கப்பட்ட 128 இடங்களையும் ரெகெக்ஸில் சேர்த்தவருக்கு இந்தக் கோடு சிக்கல் தராது. அவரிடம், ரூபாய் அடையாளம் போன்ற தமிழ்க் குறியீடுகளும் அந்த இடங்களில் இருப்பதை எப்படிக் கையாள்வார் என்று கேட்கலாம். இரண்டாவது கருத்து மாறியின் பெயர் போன்ற சிறிய ஒன்றாக இருக்கட்டும். மூன்றாவது, இந்த அணுகுமுறையை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்ற திறந்த கேள்வி.

சிலர் மூன்றாவதாக வேண்டுமென்றே தவறான கருத்தைக் கூறி, புதியவர் மறுக்கிறாரா என்று பார்ப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மூத்தவர் சொன்னால் மறுபேச்சுப் பேசக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர்கள் ‘சரிங்க அண்ணா’, ‘சரிங்க அக்கா’ என்று சொல்லி மாற்றிவிடுவார்கள். பின்னால் அது சோதனைக்காகச் சொன்ன பொய் என்று தெரியவரும்போது, உங்கள் மெய்யான கருத்துகளையும் அவர்கள் ஐயத்தோடுதான் படிப்பார்கள். ‘ஏன்’ என்ற கேள்வியே அவர்களுக்குப் பேச இடம் கொடுக்கும், அந்தக் கேள்வியின் கீழ், உங்கள் முடிவைவிடத் தம் முடிவு ஏன் மேல் என்று ஒருவர் எழுதினால் தாராளமாக மதிப்பெண் கொடுங்கள்.

இந்தப் படியில் அடிக்கடி காணும் தடுமாற்றங்கள்: கருத்து வந்ததும் அதே கிளையில் மேலும் கமிட் செய்யாமல் புதிய புல் ரெக்வஸ்ட் திறத்தல், மாற்றத்தைச் செய்துவிட்டு அதை ஒரு வரியில்கூடத் தெரிவிக்காமல் விடுதல், மூன்று கருத்துகளில் எளிதான ஒன்றுக்கு மட்டும் பதிலளித்தல். முதலாவது அறியாமை, சொல்லிக் கொடுத்தால் தீரும். மூன்றாவது தொடர்ந்தால் கவனிக்க வேண்டியது. பதிலே வராவிட்டால், இரண்டு நாள் கழித்து ஒருமுறை மட்டும் நினைவூட்டுங்கள். திருத்தச் சொன்னாலே நிராகரிப்பு என்று எடுத்துக்கொண்டு ஒதுங்கிவிடுபவர்கள் பலர், அவர்களில் சிலர் அந்த ஒரு வரிக்குத் திரும்பி வருவார்கள்.

8. ஐந்தாம் பணி: மோதலைச் சரிசெய்தல்

அவர்கள் திருத்திய அதே செயற்கூற்றில் (ஃபங்ஷனில்) நீங்கள் ஒரு சிறு மாற்றத்தை முதன்மைக் கிளையில் சேர்த்துவிட்டு, தம் கிளையை அதனோடு இணைக்கச் சொல்லுங்கள். மோதல் குறிகளைக் கோப்பிலேயே விட்டுவிட்டு கமிட் செய்வதும், உங்கள் மாற்றத்தை முழுவதும் அழித்துத் தம்முடையதை மட்டும் வைத்துக்கொள்வதும் வழக்கமான பிழைகள். சரிசெய்த பிறகு டெஸ்டுகளை மறுபடி ஓட்டினாரா என்பதை மட்டும் பாருங்கள். ரீபேஸ் செய்தாரா மெர்ஜ் செய்தாரா என்பது உங்கள் திட்டத்தின் விருப்பம், திறன் அளவுகோல் அன்று.

9. மதிப்பெண்

மொத்தம் 20 என்று கொண்டால், நிறுவலுக்கு 3, அறிக்கைக்கு 5, திருத்தத்துக்கு 4, மறுஆய்வுக்கு 6, மோதலுக்கு 2 என்று பிரிப்பேன். திருத்தத்தைவிட மறுஆய்வுக்கு அதிகம் கொடுப்பது சிலருக்கு வியப்பாக இருக்கும். திருத்தம் தவறாக இருந்தால் பராமரிப்பாளருக்கு ஒரு மாலைப்பொழுது வீணாகும், மறுஆய்வுக்குப் பதிலளிக்காத பங்களிப்பாளரால் அத்தகைய மாலைகள் மாதந்தோறும் வீணாகும்.

இருவர் தனித்தனியாக மதிப்பிட்டு, பிறகு ஒப்பிடுங்கள். மூன்றுக்கு மேல் வேறுபாடு வந்தால், முதல் படியில் எழுதிய அளவுகோலில் தெளிவில்லை என்று பொருள், அந்த வரியைத் திருத்திவிட்டு மறுபடி பாருங்கள்.

10. முடிவைத் தெரிவித்தலும் முதல் மெய்ப்பணியும்

ஒரு வாரத்துக்குள் ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதுங்கள். மதிப்பெண்ணோடு நிறுத்தாமல், அவர் அனுப்பியவற்றிலிருந்து ஒரு வரியைச் சுட்டி, அதில் எது நன்றாக இருந்தது, எது தடுத்தது என்று சொல்லுங்கள். குழுவில் எல்லோர் பெயரையும் மதிப்பெண்ணையும் வெளியிடுவது வேண்டாம், தேர்வு முடிவுப் பலகையைக் கண்டு பழகியவர்கள் அடுத்தமுறை வரமாட்டார்கள்.

தேறியவருக்கு, சோதனையில் அவர் சிறப்பாகச் செய்த படியை ஒட்டியே மெய்யான முதல் பணியைக் கொடுங்கள். அறிக்கை நன்றாக எழுதியவருக்கு, நிலுவையில் உள்ள வழுக்களில் எவை இன்னும் நிகழ்கின்றன என்று சரிபார்க்கும் வேலை பொருந்தும். அந்தப் பணிக்கு யார் மறுஆய்வாளர் என்பதையும் அதே மடலில் பெயர் சொல்லிக் குறிப்பிட்டுவிடுங்கள். தேறாதவருக்கு, எந்தப் படியில் நின்றாரோ அந்தப் படியை மட்டும் அடுத்த சோதனையில் மீண்டும் செய்தால் போதும் என்று சொல்லி, அதுவரை ரெப்போவை அவருக்குத் திறந்தே வைத்திருங்கள். ரீட்மீயில் விடுபட்ட பொதியைக் கண்டுபிடித்துத் தெரிவித்தவர் இருந்தால், அந்தத் திருத்தத்தை அவர் பெயரிலேயே ஏற்றுக்கொண்டு, அடுத்த சோதனைக்கு வேறொரு குறையைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள்.